டேனி தாம்சன்

டேனி தாம்சன் (4 ஏப்ரல் 1939 – 23 செப்டம்பர் 2025) இங்கிலாந்தைச் சேர்ந்த டபுள் பேஸ் கலைஞர். 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனில் எழுந்த ஃபோக் ராக் அலையின் முக்கியக் குழுக்களில் ஒன்றான பென்டாங்கிளைத் தொடங்கிய ஐவரில் ஒருவர். நிக் டிரேக், ஜான் மார்ட்டின், கேட் புஷ், டாக் டாக் எனப் பல தலைமுறைக் கலைஞர்களின் இசைத்தட்டுகளில் அவருடைய வாசிப்பு இருக்கிறது. பேஸைத் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் கருவி என்ற நிலையிலிருந்து பாடகருக்கு மறுமொழி சொல்லும் இரண்டாவது குரலாக உயர்த்தியவர் என்பதே அவரைத் தேடிக் கேட்கும் ரசிகர்களின் கணிப்பு.

இளமை

டெவன் மாவட்டத்தின் கடலோர ஊரான டின்மத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்த தந்தை போரிலேயே உயிரிழந்தார். குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர, பேட்டர்சியில் வளர்ந்தார். கிதார், மாண்டலின், ட்ரம்பெட், ட்ராம்போன் என ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் டபுள் பேஸிடம் வந்து சேர்ந்தார்.

அந்தக் கருவியை ஒரு முதியவரிடமிருந்து 5 பவுண்டு விலை பேசி, தவணையில் பணம் கட்டி வாங்கினார். அது 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் செய்யப்பட்ட உயர்ந்த பேஸ் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதற்கு 'விக்டோரியா' என்று பெயர் வைத்தார். வாழ்நாள் முழுவதும் அவர் மேடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் வாசித்தது பெரும்பாலும் இதைத்தான். அவரைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் விக்டோரியாவின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

1963இல் அமெரிக்கப் பாடகர் ராய் ஆர்பிசனின் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் மின் பேஸ் கிதார் வாசித்தார். அந்தக் கருவி மனதுக்கு ஒட்டவில்லை; டபுள் பேஸுக்கே திரும்பினார். 1964 முதல் 1967 வரை அலெக்சிஸ் கோர்னரின் ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட் குழுவில் இருந்தார். அதே காலத்தில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் சேர்ந்து ஒரு ஜாஸ் மூவர் குழுவையும் நடத்தினார். பின்னாளில் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்து நம்மவர்களுக்கு அறிமுகமானவர் இதே மெக்லாஃப்லின்தான்.

ஃபோக் ராக்கில் டபுள் பேஸ்

1951இல் ஃபெண்டர் நிறுவனம் மின் பேஸ் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, டபுள் பேஸ் மெல்ல ஜாஸ் மேடைக்கும் சிம்ஃபனி அரங்குக்கும் ஒதுங்கியது. மின் கிதாரும் டிரம்ஸும் முழங்கும் மேடையில் ஆளுயர மரப்பெட்டியின் ஒலி எடுபடாது. தோளில் மாட்டிக்கொள்ளும் மின் பேஸைத் தூக்கிச் செல்வதும் எளிது. ஃபோக் ராக் குழுக்களிலும் அமெரிக்காவில் தி பேர்ட்ஸும் இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷனும் மின் பேஸ் வழியில்தான் போயின.

பென்டாங்கிள் வேறு வழியில் போனது. பெர்ட் ஜான்ஷும் ஜான் ரென்போர்னும் வாசித்தவை பெரும்பாலும் மரக் கிதார்கள். டெர்ரி காக்ஸ் டிரம்ஸை அடக்கியே வாசித்தார். ஜாக்கி மெக்ஷீயின் குரல் மெல்லியது. இப்படி ஒலியளவு தணிந்த குழுவில் டபுள் பேஸின் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது. தாம்சனுக்கு அமைந்த வாய்ப்பு இதுதான்.

பென்டாங்கிள் (1967–1973)

லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த ஹார்ஸ்ஷூ மதுக்கூடத்தில் வாசித்துப் பழகிய இந்த ஐவர், 1968இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டனர். அதே ஆண்டு வந்த 'ஸ்வீட் சைல்ட்' இரட்டை இசைத்தட்டு. அதன் ஒரு தட்டு, 29 ஜூன் 1968 அன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு. அதில் சார்லஸ் மிங்கஸின் 'ஹைட்டியன் ஃபைட் சாங்' என்ற ஜாஸ் உருப்படியை தாம்சன் பேஸை முன்னிறுத்தி வாசிக்கிறார். நாட்டார் பாடல் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் பேஸ் தனி ஆவர்த்தனம் வைப்பது அன்று அரிய துணிச்சல்.

1969இல் வந்த 'பாஸ்கெட் ஆஃப் லைட்' பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் 5ஆம் இடம் வரை ஏறியது. அதன் முதல் பாடலான 'லைட் ஃப்ளைட்', பிபிசியின் 'டேக் த்ரீ கேர்ள்ஸ்' தொடரின் முகப்பிசையாக ஒலித்து வீடுதோறும் போய்ச் சேர்ந்தது. ஐந்தும் ஏழுமாக எண்ணிக்கை மாறி மாறி ஓடும் பாடல் அது. நம் கணக்கில் சொன்னால் கண்டமும் மிஸ்ரமும் பின்னி வருவது. எண்ணிப் பார்க்காதவருக்கு அந்தச் சிக்கல் உறைக்காமல் பாட்டு வழுக்கிக்கொண்டு போவதற்கு தாம்சனின் பேஸ் ஒரு முக்கியக் காரணம். 1973இல் குழு கலைந்தது.

பிறர் இசைத்தட்டுகளில்

1967இல் இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் '5000 ஸ்பிரிட்ஸ்' ஆல்பத்திலும், 1969இல் நிக் டிரேக்கின் முதல் ஆல்பமான 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்'டிலும் வாசித்தார். அமெரிக்கப் பாடகர் டிம் பக்லி 1968 அக்டோபரில் லண்டனில் பாடியபோது, போதிய ஒத்திகை இல்லாமலேயே மேடையேறிப் பக்கபலமாக நின்றார். அந்தப் பதிவு 1990இல்தான் 'ட்ரீம் லெட்டர்' என்ற பெயரில் வெளிவந்தது.

அவருடைய வாசிப்பின் உச்சமாகப் பலரும் சொல்வது ஜான் மார்ட்டினின் 'சாலிட் ஏர்' (1973). நிக் டிரேக்கை மனதில் வைத்து எழுதப்பட்ட தலைப்புப் பாடலில், மார்ட்டின் சொற்களின் ஈற்றை விழுங்கி விழுங்கிப் பாடுகிறார். தாம்சன் அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரலை இழுத்துக்கொண்டே போய்ச் சேர்கிறார். கர்நாடக சங்கீதம் கேட்ட காதுக்கு அந்த ஜாரு உடனே பிடிபடும். பேஸை நீக்கிவிட்டால் அந்தப் பாடலில் உரையாடலே இல்லை.

1980களில் புதிய தலைமுறை அவரைத் தேடி வந்தது. கேட் புஷ்ஷின் 'தி ட்ரீமிங்' (1982), 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' (1985), டாக் டாக்கின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988) ஆகியவற்றில் அவர் இருக்கிறார். தன் பெயரில் 'வாட்எவர்' (1987) ஆல்பத்தை வெளியிட்டார். ஸ்பெயினின் கெட்டாமா குழு, மாலி நாட்டுக் கோரா கலைஞர் துமானி டியாபாட்டே ஆகியோருடன் 'சோங்காய்' (1988) வந்தது. பாடகரும் கிதார் கலைஞருமான ரிச்சர்ட் தாம்சனுடன் இணைந்து, பிரிட்டனின் ஆலைத் தொழில்கள் நசிந்ததைப் பாடும் 'இண்டஸ்ட்ரி'யை (1997) உருவாக்கினார். பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்லர்.

பிற்காலமும் மதிப்பீடும்

குடிப்பழக்கத்தோடு நெடுநாள் போராடி மீண்டவர். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார். பென்டாங்கிளின் ஐவரும் 2008இல் மீண்டும் கூடி, 'ஸ்வீட் சைல்ட்' பதிவான அதே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வாசித்தனர். ஜான்ஷ் 2011இலும் ரென்போர்ன் 2015இலும் மறைந்தனர். தாம்சன் தமது 86ஆம் வயதில் காலமானார்.

சக கலைஞர்களிடம் இருந்த மதிப்புக்கு ஈடான புகழ் பொதுமக்களிடம் அவருக்குக் கிட்டவில்லை. இதற்கு இசைத்துறையின் ஏற்பாடே பெரும் காரணம். உரிமைத்தொகை பாடலை எழுதியவருக்கும் பாடியவருக்கும் போனது. ஸ்டூடியோவுக்கு வந்து வாசித்தவருக்கு அன்றைய கூலியும் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியும் மிஞ்சின. நிக் டிரேக்கையும் டாக் டாக்கையும் கேட்டு வளர்ந்தவர்களில் பலர், இரண்டிலும் ஒலித்த பேஸ் ஒரே கையுடையது என்பதை அந்தப் பொடி எழுத்தைப் படித்தே அறிந்தார்கள். 1967 முதல் 1980களின் இறுதி வரையிலான பிரிட்டன் இசையை அவர் பெயரைப் பின்தொடர்ந்தே ஒரு சுற்றுக் கேட்டுவிடலாம். அவரை அறிய விரும்புவோருக்கு 'லைட் ஃப்ளைட்', 'சாலிட் ஏர்' இரண்டும் தொடங்குவதற்கு ஏற்றவை.