வீட்டுக்கு பிரிண்டர் வாங்கப் போறீங்களா? விலையைப் பாக்காதீங்க, இங்க் கணக்கைப் பாருங்க! முழு விவரம்

5 ஆயிரம் ரூபாய்க்கே கலர் பிரிண்டர் கிடைக்கும்போது 13 ஆயிரம் ரூபாய் எதுக்கு? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்ல பிரிண்டர் வாங்கப் போகும் பல குடும்பங்களுக்கு வரும் முதல் கேள்வி இதுதான். பிள்ளைகளோட பள்ளி ப்ராஜெக்ட், டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள், ஹால் டிக்கெட், பட்டா, சிட்டா நகல் என வீட்டிலேயே பிரிண்ட் எடுக்க வேண்டிய தேவை கூடிக்கிட்டே போகுது. ஆனா பிரிண்டரோட உண்மையான விலை பெட்டி மேல ஒட்டியிருக்கும் விலை கிடையாது. அடுத்த மூணு வருஷத்துக்கு இங்க்குக்கு ஆகும் செலவையும் சேர்த்தாதான் அது தெரியும். எந்த வீட்டுக்கு எந்த பிரிண்டர் சரி? யாருக்கு பிரிண்டரே தேவையில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

கார்ட்ரிட்ஜ், இங்க் டேங்க்: என்ன வித்தியாசம்?

வீட்டு உபயோக இங்க்ஜெட் பிரிண்டர்கள் ரெண்டு வகை.

முதல் வகை கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். சின்ன டப்பாவுக்குள்ள இங்க் இருக்கும், தீர்ந்ததும் டப்பாவையே மாத்தணும். ஹெச்பி, கேனான் நிறுவனங்களின் குறைந்த விலை மாடல்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பிரிண்டர் விலை குறைவு, இங்க் விலை அதிகம். இதுல ஒரு நல்லதும் இருக்கு. இந்த மாடல்கள்ல இங்க்கைத் தெளிக்கும் ஹெட் பகுதி கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும். அதனால கார்ட்ரிட்ஜை மாத்தினா ஹெட்டும் புதுசாகிடும்.

இரண்டாவது வகை இங்க் டேங்க் பிரிண்டர். பாட்டில்ல வரும் இங்க்கை பிரிண்டரில் இருக்கும் தொட்டியில ஊத்திக்கலாம். எப்சன் நிறுவனம் இதை 2010-ல் முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்க கார்ட்ரிட்ஜ் விலை தாங்காம, கடைக்காரங்களே பிரிண்டருக்கு வெளியே இங்க் பாட்டிலையும் குழாயையும் பொருத்திக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அதையே நிறுவனம் வாரண்டியோட செஞ்சு கொடுத்தது. இப்ப கேனான், ஹெச்பி, பிரதர் நிறுவனங்களிடமும் இந்த வகை இருக்கு. பிரிண்டர் விலை அதிகம், இங்க் விலை ரொம்பக் குறைவு.

ஒரு பாட்டில், ஒரு கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் வரும்?

நிறுவனங்கள் அறிவித்திருக்கும் பக்க அளவுகள் சில:

- ஹெச்பி 803 கறுப்பு கார்ட்ரிட்ஜ்: சுமார் 190 பக்கம். கலர்: சுமார் 165 பக்கம்
- ஹெச்பி 682 கறுப்பு கார்ட்ரிட்ஜ்: சுமார் 480 பக்கம். கலர்: சுமார் 150 பக்கம்
- எப்சன் 003 கறுப்பு பாட்டில், 65 மில்லி: சுமார் 4,500 பக்கம். மூணு கலர் பாட்டிலும் சேர்ந்து: சுமார் 7,500 பக்கம்
- கேனான் ஜிஐ-790 கறுப்பு பாட்டில்: சுமார் 6,000 பக்கம். மூணு கலரும் சேர்ந்து: சுமார் 7,000 பக்கம்

இந்த எண்களை அப்படியே நம்பிடக் கூடாது. ஐஎஸ்ஓ தரமுறைப்படி, ஒரே மாதிரியான சோதனைப் பக்கங்களை ஆய்வகத்தில் தொடர்ச்சியாக அச்சடிச்சு எடுக்கும் கணக்கு இது. பக்கத்துல எழுத்து கொஞ்சம், வெள்ளை இடம் நிறைய இருக்கும். பக்கம் முழுக்க படம் நிறைஞ்ச பள்ளி ப்ராஜெக்ட் எடுத்தா பாதிகூட வராது. அதோட, வீட்டில் தொடர்ச்சியா பிரிண்ட் எடுக்குறதில்லை. ஒவ்வொரு முறையும் பிரிண்டர் தன்னைத்தானே சுத்தம் செய்ய கொஞ்சம் இங்க்கைச் செலவழிக்கும். அந்த இங்க் காகிதத்துக்கு வராமலேயே போயிடும். இருந்தாலும் ரெண்டு மாடலை ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்தான் சரியான அளவுகோல்.

நீங்களே போடலாம் கணக்கு

சூத்திரம் ரொம்ப எளிது: இங்க் விலை ÷ பக்க எண்ணிக்கை = ஒரு பக்கச் செலவு.

கடைக்கு கடை விலை மாறும் என்பதால், புரியுறதுக்காக முழு எண்களை வச்சுப் பார்ப்போம். 190 பக்கம் வரும் கார்ட்ரிட்ஜ் 950 ரூபாய் என்றால் ஒரு பக்கத்துக்கு 5 ரூபாய். 4,500 பக்கம் வரும் பாட்டில் 450 ரூபாய் என்றால் ஒரு பக்கத்துக்கு 10 பைசா. ஒரு பக்கத்துக்கு வித்தியாசம் 4 ரூபாய் 90 பைசா.

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 5,000 ரூபாய், டேங்க் பிரிண்டர் 13,000 ரூபாய்னு வச்சுக்கலாம். கூடுதலா போடுற 8,000 ரூபாயைத் திரும்ப எடுக்க சுமார் 1,630 பக்கம் அச்சடிக்கணும்.

- மாசம் 100 பக்கம் எடுத்தா: சுமார் ஒன்றேகால் வருஷத்தில் போட்ட காசு திரும்பிடும்
- மாசம் 50 பக்கம் எடுத்தா: கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வருஷம்
- மாசம் 20 பக்கம் எடுத்தா: கிட்டத்தட்ட 7 வருஷம்

வாங்கப் போகும் மாடலின் இன்றைய விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்க. கடையில் 'எந்த மாடல்?' என்று கேட்பதோடு, 'இதுக்கு எந்த நம்பர் இங்க்? என்ன விலை? எத்தனை பக்கம்?' என்ற மூணு கேள்வியையும் கேளுங்க.

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது இன்னொரு விஷயம். மூணு கலரும் ஒரே டப்பாவில் இருக்கும் மாடல்ல, மஞ்சள் மட்டும் தீர்ந்தாலும் மீதி ரெண்டு கலரோட சேர்த்து டப்பாவையே மாத்த வேண்டி வரும்.

ஜெராக்ஸ் கடையே லாபமா?

பல வீடுகளுக்கு ஆமா என்பதுதான் பதில்.

கடையில் ஒரு பக்க பிரிண்ட் அவுட் 5 ரூபாய்னு வச்சுக்குவோம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு 300 ரூபாய் என்றால், ஒரு தாள் 60 பைசா. அப்படின்னா வீட்டில் டேங்க் பிரிண்டரில் ஒரு பக்கம் 70 பைசா. கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் 5 ரூபாய் 60 பைசா. அதாவது, மேலே சொன்ன கார்ட்ரிட்ஜ் கணக்கில் வீட்டு பிரிண்ட் கடையை விட அதிகம்! பிரிண்டர் விலையை இதில் சேர்க்கவே இல்லை.

டேங்க் பிரிண்டரின் 13,000 ரூபாயைக் கடைச் செலவோடு ஒப்பிட்டா, அதைத் திரும்ப எடுக்க சுமார் 3,000 பக்கம் வேணும். மாசம் 100 பக்கம் என்றால் இரண்டரை வருஷம். மாசம் 20 பக்கம் என்றால் 12 வருஷத்துக்கு மேல.

ஆனா காசு மட்டுமே கணக்கு இல்லை. பெரம்பலூர், ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் குடியிருப்பவருக்கு கடை கூப்பிடு தூரம். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் உள்கிராமத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க பஸ் பிடிச்சுப் போகணும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைன்னாலும், அரை நாள் கூலி போகுதே! விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ராத்திரி நேரம், கடை மூடியாச்சு என்ற நிலைமையையும் யோசிக்கணும். மாசத்துக்கு எத்தனை தடவை கடைக்கு அலையுறோம்னு ரெண்டு மாசம் எழுதி வச்சுப் பாருங்க. அதுக்கு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வச்சிருக்கீங்களா? வீட்டில் ஒரு பிரதி மட்டும் எடுங்க. கூடுதல் பிரதிகளைக் கடையில ஜெராக்ஸ் போட்டுக்குங்க. அதுதான் மலிவு.

வெயில், தூசி, கரண்ட் கட்: நம்ம ஊருக்கு ஏத்த கவனம்

இங்க்ஜெட் ஹெட்டில் இருக்கும் துளைகள் தலைமுடியை விட மெல்லியவை. இங்க்கில் பெரும் பகுதி தண்ணீர். கோடை வெயிலில் வாரக்கணக்கா பயன்படுத்தாம விட்டா இங்க் காய்ஞ்சு துளை அடைச்சுக்கும். பிரிண்டில் வெள்ளைக் கோடு விழுந்தா காரணம் பெரும்பாலும் இதுதான். சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்க லாரிகள் ஓடும் அரியலூர் பகுதியில் தூசியும் சேர்ந்துக்கும்.

- வாரம் ஒரு முறையாவது ஒரு கலர் பக்கம் பிரிண்ட் எடுங்க
- ஜன்னல் ஓரம், வெயில் படும் இடத்தில் வைக்காதீங்க. வேலை முடிஞ்சதும் துணியால மூடுங்க
- சுவர் சுவிட்சை நேரடியாக ஆஃப் செய்யாதீங்க. பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி நிறுத்தினாதான், ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கும். அச்சாகும்போது கரண்ட் போனா, வந்ததும் ஒரு முறை ஆன் செஞ்சு முறைப்படி நிறுத்துங்க
- ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து பல முறை செய்யாதீங்க, இங்க் வீணாகும். ரெண்டு, மூணு முறை செஞ்சும் சரியாகலைன்னா சில மணி நேரம் விட்டுட்டு மறுபடி பாருங்க
- டேங்க்கில் இங்க் கீழ்க் கோட்டுக்குக் கீழே போக விடாதீங்க. குழாயில் காற்று புகுந்தா சரி செய்யுறது சிரமம்

எப்பவோ ஒரு முறைதான் பிரிண்ட், அதுவும் கறுப்பு மட்டும்தான் என்றால் லேசர் பிரிண்டரையும் யோசிக்கலாம். அதோட டோனர் வெறும் பொடி, காய்ஞ்சு போகாது. ஆனா லேசர் பிரிண்டர் சூடாகும்போது பல நூறு வாட் மின்சாரம் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்காமல் போகலாம். இங்க்ஜெட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மலிவு இங்க், ரீஃபில்: போடலாமா?

கார்ட்ரிட்ஜில் ஊசி மூலம் இங்க் நிரப்பித் தருவது பல ஊர்களில் நடக்குது. சில முறை நல்லா வேலை செய்யும். ஆனா கார்ட்ரிட்ஜோட இருக்கும் ஹெட் பல முறை நிரப்பிப் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டதில்லை. டேங்க் பிரிண்டரில் வேற கம்பெனி இங்க் ஊத்தி ஹெட் பழுதானா, வாரண்டியில் சிக்கல் வரும். சில மாடல்களில் ஹெட்டை மாத்துற செலவே பிரிண்டர் விலையை நெருங்கிடும்.

சில பிரிண்டர்கள் வேற நிறுவன சிப் உள்ள கார்ட்ரிட்ஜை ஏத்துக்கவே செய்யாது. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லலை என்று, 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஹெச்பி நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதிச்சது. வாங்கும் முன் பெட்டி மேல இருக்கும் பொடி எழுத்தையும் படிச்சுடுங்க.

வாங்கும் முன் கடையில கேட்க வேண்டியவை

- சர்வீஸ் எங்கே? வீட்டுக்கு வருவாங்களா, திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ நாம தூக்கிட்டுப் போகணுமா? டேங்க் பிரிண்டரை பஸ்ஸில் சாய்ச்சு எடுத்துட்டுப் போனா இங்க் கொட்டும்
- வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை பக்கம்? இதில் எது முதலில் முடியுதோ அதோட வாரண்டி முடியும். ஹெட்டும் அதில் அடங்குமா?
- கழிவு இங்க் சேரும் பேட் நிறைஞ்சா நாமளே மாத்திக்கலாமா, சர்வீஸுக்குத்தான் போகணுமா?
- கறுப்பு இங்க் பிக்மென்ட் வகையா, டை வகையா? பிக்மென்ட் எழுத்து ஈரம் பட்டாலும் எளிதில் கலையாது. சான்றிதழ், விண்ணப்பத்துக்கு இது நல்லது. போட்டோவுக்கு டை இங்க் நல்லா இருக்கும்
- வைஃபை இருக்கா? வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாம மொபைல்லதான் எல்லாம் என்றால் இது கட்டாயம்

பில் இல்லாமல் வாங்காதீங்க. அச்சிட்ட எம்ஆர்பி-யை விட அதிக விலை கேட்டாலோ, வாரண்டி இருந்தும் சரி செய்து தர மறுத்தாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு இதுக்குக் கட்டணம் கிடையாது.

சுருக்கமாகச் சொன்னா...

- மாசம் 20 பக்கத்துக்குக் கீழே, கடை பக்கத்தில்: பிரிண்டர் வேண்டாம், ஜெராக்ஸ் கடை போதும்
- மாசம் 50 பக்கத்துக்கு மேலே, பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடு, கலர் தேவை: இங்க் டேங்க்
- கறுப்பு மட்டும், எப்பவோ ஒரு முறை: லேசர்
- கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்: கடை தூரம், கையில் பணம் குறைவு, அவசரத்துக்கு மட்டும்தான் தேவை என்றால் வாங்கலாம். ஆனா வாங்கும் முன் கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டுக்குங்க. ரெண்டு டப்பா மாத்தினாலே பிரிண்டர் விலையில் பெரும் பங்கு போயிடும்