ஊர் இழந்தோரும் ஓர் அணியும்

பந்தைத் தொட்டறியாத ரசிகரும் 'நாம் வென்றோம்' என்கிறாரே, அஃது எவ்வாறு? ஊர்விட்டு வாழும் நமக்கு இது விளங்காததன்று. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகத்தை நோக்குவோம்.

1920-இல் தோன்றிய அக்கழகம், 1947-இல் நாடு பிரிந்து கிழக்கு வங்கத்து அகதிகள் வந்து குவிந்தபின், அவர்தம் ஊருக்கே ஈடாயிற்று. வீடும் நிலமும் எல்லைக்கு அப்பால் நின்றன. ஊரின் பெயரோ ஆடுகளத்தில் ஒலித்தது. அணி வென்ற நாளில் இல்லங்களில் ஹில்சா மீன் மணந்தது. (எதிரணியாகிய மோகன் பகான் வென்றாலோ, அவர்தம் ரசிகர் வீட்டில் இறால்!)

வியப்பு யாதெனில், 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்ற அக்காலத்தில், முன்வரிசையில் புகழ்பெற்ற வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டவர். அவர்களையே 'பஞ்ச பாண்டவர்' என்று அகதிகள் கொண்டாடினர்.