சுவிட்ச் 2 வாங்கப் போறீங்களா? முதலில் இதைப் பாருங்க

நிண்டெண்டோ சுவிட்ச் 2-ஐக் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும். 2017-இல் வந்த முதல் சுவிட்சின் திரை 6.2 அங்குலம், இதில் 7.9. சேமிப்பிடம் 32 ஜிபி-யிலிருந்து 256 ஜிபி ஆகியிருக்கிறது. இரு பக்கக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் காந்தத்தில் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும்.

ஆனால், ஜோகூர் பாரு கடையில் காசு கொடுக்கும் முன் இவற்றைக் கவனிங்க.

மொழி: 2025 ஜூன் 5-இல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு வெளியான மலிவுப் பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டும்தான். ஜப்பானில் பதிவான கணக்கை மட்டுமே அதில் இணைக்கலாம். விலை குறைவா இருக்கேன்னு அவசரப்படாதீங்க.

மெமரி கார்டு: பழைய மைக்ரோ எஸ்டி கார்டில் கேம் சேமிக்க முடியாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வேண்டும்.

கேம் கீ கார்டு: இதற்குள் கேம் இருக்காது. இணையத்தில் பதிவிறக்கணும், விளையாடும்போது கார்டும் உள்ளே இருக்கணும்.

பேட்டரி: நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 2 முதல் 6.5 மணி நேரம். பெரிய கேம் என்றால், நெரிசல் நாளில் கடற்பாலத்தைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடலாம்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து, ஆங்கிலம் வருதான்னு பார்த்துட்டுப் பணம் கொடுங்க.