வந்த நாள்

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் மாலை. மணிமங்கலம் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது சரித்திரப் பைத்தியந்தான். தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் இந்த ஊரில் ஏழாம் நூற்றாண்டிலே பல்லவ நரசிம்மவர்மன் சளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்தான். புறமுதுகு காட்டியவனின் முதுகையே பட்டயமாக்கி அதில் 'வெற்றி' என்று எழுதினானாம். கூரம் செப்பேடு அப்படி வருணிக்கிறது. ஆனால் அது எந்த மாதம், எந்தத் தேதி? செப்பேட்டில் இல்லை. ஆகவே அந்த மகத்தான வெற்றிக்கு ஊரில் ஒரு விழாவும் இல்லை.

விழா வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள், முறத்தில் பழமும் கரும்பும் ஏந்தி, அஸ்தமிக்கும் சூரியனைப் பார்த்து நின்றார்கள். கரையில் இருந்த இளைஞனை விசாரித்தேன்.

"சட் பூஜை, சார். ஊர் பீகார். ஒரகடத்தில் வேலை."

"இன்று லீவா?"

"லீவு ஏது, சார்? நைட் ஷிப்டுக்கு மாற்றிக் கொண்டேன். காலையில் சூரியன் வருவதற்குள் திரும்பி வந்துவிடுவேன்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்ன அந்தப் பதில் என்னைக் கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு போய்விட்டது.

1838இல் ஆங்கிலேயர் தீவுகளில் அடிமைத்தனம் முற்றிலும் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான ஆள் தேவைப்பட்டது. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'பாத்தல் ரசாக்' என்ற கப்பல், 1845 மே 30ஆம் தேதி இருநூற்றுச் சொச்சம் பேரை டிரினிடாடில் இறக்கியது. 1917 வரையில் சுமார் 1,44,000 பேர் அப்படிப் போனார்கள். பெரும்பாலோர் பீகாரும் அதை அடுத்த பிரதேசங்களும் அனுப்பியவர்கள். இந்த இளைஞனின் பாட்டன் பூட்டன் காலத்துச் சனங்கள். அங்கே தீபாவளிக்கு அரசாங்க விடுமுறை கிடைத்தது 1966இல். கப்பல் வந்த நாளை நாடே கொண்டாடும் விடுமுறையாக்கியது 1990களில்தான். ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் காத்திருந்தார்கள்!

நம்மவர்கள் போகவில்லையா? போனார்கள். சென்னையில் புறப்பட்ட 'திருவாங்கூர்' கப்பல் 1861 ஜூன் 1ஆம் தேதி செயின்ட் வின்சென்ட் என்ற சின்னஞ்சிறு தீவை அடைந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுக்காரர்களின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனவர்கள் பல்லாயிரம் பேர். குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சத்தாருக்குப் பிரெஞ்சுப் பிரஜைகளின் உரிமை வேண்டும் என்று 1904இல் வழக்காடத் தொடங்கினார். 1923இல்தான் முடிவு சாதகமாயிற்று.

அங்கே அடிமைத்தனம் ஒழிந்த நாளுக்கு விடுமுறை உண்டு. தமிழர் வந்த நாளுக்கு இல்லை. அதனால் என்ன? மாரியம்மனுக்கு ஆடு வெட்டிப் பூஜை போடுகிறார்கள். பேச்சிலே தமிழ் தேய்ந்து போயிற்று, பூஜையிலே நிற்கிறது. தப்பும் மத்தளமும் கூடப் பழைய பெயரோடு முழங்குகின்றன.

இன்னொரு வேடிக்கை. நம் மனிதர்களுக்கு முன்னாலேயே நம் துணி அங்கே போய்விட்டது. பக்கத்து டொமினிக்காவிலும் செயின்ட் லூசியாவிலும் திருநாள் என்றால் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்கள் கட்டங்கட்டமான துணியைத் தலையில் கட்டிக்கொள்கிறார்கள். அதன் பெயர் 'மதராஸ்'. நாம் 1996இல் நகரத்தின் பெயரை மாற்றிவிட்டோம். அவர்கள் தலையிலிருந்து அதை யாரும் இறக்கவில்லை.

விடுமுறை என்பது சும்மா இருப்பதற்கு ஒரு நாள் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அப்படியல்ல. வந்தவனைப் பார்த்து, "நீயும் இந்த வீட்டு மனுஷன்" என்று ஊர் சொல்கிற வார்த்தை அது. அந்த வார்த்தை அயல் நாட்டில் நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிற நான், நம் ஊருக்குப் பிழைக்க வந்தவனிடம் அதைச் சொன்னேனா?

இருட்டிவிட்டது. இளைஞன் ஒரு வாழைப்பழத்தை என் கையில் கொடுக்க வந்தான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு நிறுத்தினான்.

"பிரசாதம் நாளைக்குத்தான், சார். விடியற்காலையில் வாருங்கள்."

நான் போனேன். அவன் எனக்கு முன்னால் வந்திருந்தான், தொழிற்சாலைச் சட்டையோடு.