அரிமாவும் பூனையும்: பல்லவர் சிற்பத்தில் மரபும் காட்சியும்

செங்கற்பட்டுக்கு வடக்கே பெருவழியை அடுத்துள்ள சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர், பாறையைக் குடைந்த கருவறையில் எழுந்தருளியுள்ள பாடலாத்திரி நரசிங்கப்பெருமாளால் பெயர் பெற்றது. பல்லவர் காலத்தது எனக் கருதப்பெறும் இக்குடைவரைமுன் நிற்பார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. சிங்கம் வாழாத தொண்டை நாட்டில், சிங்க வடிவைக் கல்லில் வடித்த தச்சன் எதனைக் கண்டு வடித்தான்?

இன்று இந்தியாவில் சிங்கம் இயல்பாக வாழ்வது குசராத்தின் கிர்க் காட்டுப் பகுதியிலேயாம். முற்காலத்தும் அது நருமதைக்குத் தெற்கே பரவியிருந்ததாகத் தெரியவில்லை. தமிழ்ப் புலவர் கண்ணாரக் கண்டவை புலியும் வெருகும் ஆகும். குறுந்தொகை (220, 240) முல்லையின் தோற்றத்திற்கு வெருகின் சிரிப்பையும் பல்லையும் உவமையாக்குகின்றது. அருகிருந்து நோக்காதார்க்கு இவ்வுவமை தோன்றாது.

பல்லவர் சிற்பத்தில் நிலைமை வேறு. முதலாம் மகேந்திரவர்மன் குடைவரைத் தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் இடையே எட்டுப் பட்டையாகவும் அமைந்தவை. அவற்றின் அடியில் விலங்குருவம் இல்லை. அவன் மகன் நரசிங்கவர்ம மாமல்லன் (ஏறத்தாழ 630–668) பெயரால் வழங்கும் பாணியில் தூணடியில் அரிமா அமர்கின்றது. இராசசிம்மன் (ஏறத்தாழ 700–728) எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அது பின்னங்கால்களில் எழுந்து நிற்கின்றது. பல்லவர்தம் இலச்சினையாகப் பெரிதும் வழங்கியது விடையே; எனினும் தூண்களில் வளர்ந்தது அரிமாவே. அரசர் பெயரிலும் விருதுகளிலும் பயின்ற சொல் கல்லிலும் உருப்பெற்றது எனக் கொள்ளுதல் தகும். சுருண்ட பிடரியும் பிதுங்கிய விழியும் காட்டில் கண்டனவல்ல; பட்டறை வழிவழி வந்தன. சாளுவன்குப்பத்துப் ‘புலிக்குகை’யின் வாயிலைச் சூழ்ந்த தலைகளும் புலித்தலைகள் அல்ல, யாளித் தலைகளே. பெயரை நம்பி அவற்றைப் புலி எனக் கொண்டு, தொண்டை நாட்டுக் காட்டிலிருந்து சிற்பி பெற்ற ஊக்கம் என்று எழுதுதல் பொருந்தாது.

இனி, மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தை நோக்குவோம். அருச்சுனன் தவம் என்பாரும் பகீரதன் தவம் என்பாரும் உளர். அங்கே ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவஞ்செய்வான் ஒருவன். அவனைப்போலவே, கங்கையைக் குறிக்கும் பாறைப் பிளவினை அடுத்துப் பூனையொன்று பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கியுள்ளது. அதன் அடியில் எலிகள் அச்சமின்றிக் கூடியுள்ளன. அதே பாறையில் அரிமாக்களும் உள. ஆயினும் காண்பார் முகத்தில் முறுவல் தோற்றுவிப்பது பூனையே.

பூனையும் நூல்வழி வந்ததன்றோ என வினவலாம். மகாபாரதத்து உத்தியோக பருவத்தில், கங்கைக் கரையில் கைகளை உயர்த்திநின்று எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை உண்மை. துரியோதனன் உலூகனைத் தூதனுப்புங்கால் தருமனை இகழ அதனைக் கூறுகின்றான். எனவே பூனை காட்சியால் மட்டுமே பிறந்தது எனக் கூறோம். கதை நிலையைத் தந்தது. உடலைத் தந்தது வீட்டுத் திண்ணை. அண்மையில், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானை வடித்த அதே கண்ணே பூனையையும் கண்டது.

ஆகவே சிற்பியின் ஊக்கத்தை ஒரே ஊற்றிலிருந்து வருவித்தல் பிழை. காணாத விலங்கிற்கு மரபு வடிவு தந்தது. கண்ட விலங்கு மரபுக்கு உயிர் தந்தது. அரிமாவைக் கொண்டு காலத்தையும் அரசனையும் அறியலாம். சிற்பியின் நோக்கினை அறியப் பூனையையே நாடுதல் வேண்டும். அரசர் விருதுகளை எண்ணி அமைவார், கல்லில் நிற்கும் இச்சிறு விலங்கையும் சான்றாக ஏற்பாராயின், பெயரறியாத் தச்சர் வரலாறும் நமக்கு ஓரளவு விளங்கும்.