ரயட்: ஒரு சொல்லின் வேட்டை

இருபது வருஷத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தேன். ஒரு நாள் கூட வேலை செய்தவனுக்குக் கை நசுங்கிப் போயிற்று. நஷ்டஈடு கேட்டு வாசலில் உட்கார்ந்தோம். ராத்திரி டைம் ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. உடைத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆரில் பதினோரு பேர், நானும் ஒருவன். இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 147. "அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டேன். ஸ்டேஷன் ரைட்டர் தலை நிமிராமல் சொன்னார்: "ரயட்."

பக்கத்தில் நின்ற பீகார்க்காரர் அதைத் தன் மொழியில் "பல்வா" என்றார். சூளூர்பேட்டையிலிருந்து வந்துபோகும் தோழர் "அல்லர்லு" என்றார். பல்வா அரபியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குத் துன்பம், சோதனை என்று பொருள். தெலுங்கில் அல்லரி என்றால் குழந்தை பண்ணும் சேட்டை. பன்மையானால் போலீஸ் வந்துவிடுகிறது. ஒரே பிரிவு எண்ணுக்குள் ஒருவருக்குத் துன்பம், ஒருவருக்குச் சேட்டை. ரைட்டருக்கு மட்டும் குற்றம். அன்றிலிருந்து இந்தச் சொல்லின் பின்னாலேயே அலைந்துகொண்டிருக்கிறேன்.

பழைய பிரெஞ்சில் 'ரியோத்' என்றால் வாய்ச்சண்டை, வழக்காட்டம். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் ஒழுக்கக்கேடு, ஊதாரித்தனம் என்ற பொருள்தான். பதினான்காம் நூற்றாண்டில் சாசர் எழுதிய கதையில் வரும் மூன்று 'ரயட்டர்'களும் சாராயக் கடையில் கிடக்கும் குடிகாரர்கள். 1611இன் ஆங்கில பைபிளில் கெட்ட குமாரன் சொத்தை அழித்த வாழ்க்கைக்கும் இதே சொல்தான். பொது அமைதிக்குப் பங்கம் என்ற பொருள் இந்த ஒழுக்கப் பொருளின் தோளில் ஏறித்தான் வந்தது. கூட்டமாகக் கூடுகிறவன் ஏற்கனவே கெட்டவன், குடிகாரன் என்ற முன்முடிவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு பொருள் வேட்டைக்காரர்களுடையது. எசமான் காட்டிய இரையை விட்டுவிட்டு வேறு மோப்பத்தின் பின்னால் ஓடும் நாயை, அது 'ரயட்' ஓடுகிறது என்பார்கள். நாய் ஓடுவது குற்றமல்ல. ஓடத்தான் அது வளர்க்கப்பட்டது. தன் மோப்பத்துக்கு ஓடுவதுதான் குற்றம். ஷிப்டுக்கு ஓடு, டார்கெட்டுக்கு ஓடு; நஷ்டஈட்டுக்கு மட்டும் ஓடாதே.

அதிகாரம் இந்தச் சொல்லுக்கு எண் போட்டதுதான் அடுத்த கட்டம். ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் மூன்று பேர் சேர்ந்தாலே ரயட். 1715இல் நடைமுறைக்கு வந்த ரயட் சட்டம் பன்னிரண்டு பேர் என்றது. மாஜிஸ்திரேட் அறிக்கையை உரக்க வாசிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனை. கலைக்கும்போது யாராவது செத்தால் கலைத்தவர்களுக்குப் பாதுகாப்பு. 1837இல் மெக்காலே வரைவு தந்து, 1860இல் நிறைவேறி, 1862இல் அமலான இந்திய தண்டனைச் சட்டத்தில் எண் ஐந்து. ஐந்து பேரின் பொது நோக்கத்துக்காக ஒருவன் பலாத்காரம் செய்தாலும் ஐவரும் குற்றவாளிகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 147 போய் 191 ஆனது. ஐந்து ஐந்தாகவே நிற்கிறது. கொடிய ஆயுதம் வைத்திருந்தால் முன்பு மூன்று வருஷம், இப்போது ஐந்து. காலனியம் ஒழிந்தது என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் இது.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ப்ஸன் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பதினெட்டாம் நூற்றாண்டின் 'உணவு ரயட்டு'களில் ஜனங்கள் வெறிபிடித்து ஓடவில்லை, நியாய விலை பற்றிய ஓர் அறத்தோடு இயங்கினார்கள் என்று காட்டினார். வயிறு காய்ந்தால் கல்லெறிவான் என்ற எளிய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. ரணஜித் குஹாவோ, நாம் படிக்கும் ஆவணத்தின் மொழியே கலெக்டரின் மொழி என்றார். 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட இருந்தவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் காட்டுப்பள்ளியில் உத்தரப்பிரதேசத் தொழிலாளி ஒருவர் விழுந்து இறந்தார். நஷ்டஈடு கேட்டுத் திரண்டார்கள். கல் பறந்தது, கண்ணீர்ப்புகை வந்தது, பலர் கைதானார்கள். செய்தியில் கல் முன்னால் வந்தது, சாவு பின்னால் வந்தது.

இதுவரை எழுதியது எனக்கு வசதியான பக்கம். வசதியில்லாத பக்கமும் இருக்கிறது.

1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தம். மூன்று வருஷத்துக்கு முன் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பெரும் போராட்டம், திரு.வி.க. முன்நின்ற போராட்டம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் சேரவில்லை. புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் கடைசியில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அரசு அதைக் கலவரம் என்றது. சங்கத்தார் முதலாளியின் பிரித்தாளும் சூழ்ச்சி என்றார்கள். இரண்டு கதையாடல்களிலும் குடிசை எரிந்தவனின் குரல் இல்லை. அவனைப் பொறுத்தவரை அது ரயட்டும் அல்ல, வர்க்கப் போராட்டமும் அல்ல. சேரிக்கு வைத்த தீ. 'கலகம்' என்ற சொல்லைச் சிறுபத்திரிகைகளில் மந்திரம்போல ஓதிய நாம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கை அகதிகள் முகாமும் உண்டு. எங்கள் வழக்குக்காக நான் வாய்தாவுக்கு அலைந்த நாட்களில், அங்கே ஒரு பெரியவரிடம் பேச்சுவாக்கில் "83 கலவரத்துல வந்தீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "கலவரமெண்டு சொல்லாதேங்கோ தம்பி. கலவரமெண்டால் ரெண்டு பக்கமும் அடிபட வேணும். வாக்காளர் பட்டியலை வச்சு வீடு தேடி வந்தவங்கள்" என்றார். 1983 ஜூலையில் கொழும்பில் நடந்ததற்கு இந்தச் சொல்லைப் போடும்போது கொன்றவனும் செத்தவனும் ஒரே கூட்டமாகிவிடுகிறார்கள். முதுகுளத்தூர் 1957ஐயும் நாம் இன்னும் அப்படித்தான் எழுதுகிறோம்.

ஆக, இந்தச் சொல் இரண்டு வேலை செய்கிறது. கீழே இருப்பவன் கூடினால், ஒருவன் செயலை எல்லோர் தலையிலும் போடுகிறது. மேலே இருப்பவன் தாக்கினால், அவன் செயலை இரு தரப்புக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. முதலாவதில் தனிமனிதன் காணாமல் போகிறான். இரண்டாவதில் குற்றவாளி காணாமல் போகிறான். 'ரயட்' என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: யார் யாரை அடித்தார்கள்? முதலில் போனது எது, கையா கண்ணாடியா? பெயர் வைத்தது யார்?

தமிழில் கலவரம் என்பதற்கு மனக்கலக்கம் என்றும் பொருள். "மனசு கலவரமா இருக்கு" என்று என் அம்மா சொல்வாள். நாங்கள் விடுதலையாக ஆறு வருஷம் ஆயிற்று. சாட்சி யாரும் வரவில்லை. அந்த ஆறு வருஷமும் எங்கள் வீட்டில் நடந்ததுதான் எனக்குத் தெரிந்த கலவரம். கை நசுங்கியவன் எஃப்.ஐ.ஆரில் ஒரு வரியாகக்கூட இல்லை.