பேடரஸ்

பேடரஸ் என்பது ரோவ் வண்டுகளின் குடும்பமான ஸ்டாபிலினிடேயில், பேடரினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் 1775-இல் இதை நிறுவினார். லின்னேயஸ் 1758-இல் ஸ்டாபிலினஸ் பேரினத்தில் வைத்திருந்த ரிபேரியஸ் என்ற இனமே இதன் மாதிரி இனம். உலகெங்கும் நூற்றுக்கணக்கான இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவை பல துணைப்பேரினங்களாகப் பிரிக்கப்படுகின்றன. முன்பு துணைப்பேரினமாக இருந்த பேடரிடஸ் இப்போது தனிப் பேரினம்.

பெரும்பாலான இனங்கள் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளமுள்ள ஒல்லி வண்டுகள். பரவலாகக் காணப்படும் இனங்களில் தலை கறுப்பு, மார்பு செம்மஞ்சள், முன்னிறக்கைகள் நீலம் அல்லது பச்சை மினுக்கு. வயிறு செம்மஞ்சள், அதன் நுனி மட்டும் கறுப்பு. முன்னிறக்கைகள் குட்டையானவை என்பதால் வயிற்றின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும். நெல்வயலில் இதே நிறச்சாயலில் திரியும் ஓஃபியோனியா என்ற தரை வண்டிலிருந்து இதைப் பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே போதும். ஓஃபியோனியாவின் இறக்கைகள் வயிற்றை ஏறக்குறைய முழுதும் மூடிவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால், பாதத்தின் நான்காம் கணு இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும்.

பேரினத்தைச் சொல்வது இவ்வளவு எளிது. இனத்தைச் சொல்வது அப்படியன்று. உடல் நிறத்தை மட்டும் நம்பிப் பெயரிடுவது வீண். கால், உணர்கொம்பு ஆகியவற்றின் நிறமும் முன்னிறக்கையின் நீளமும் ஓரளவு துணைசெய்யும். முடிவைச் சொல்வது ஆண் வண்டின் புணர்ச்சி உறுப்பின் வடிவமே. பெண் வண்டு மட்டும் கிடைத்தால் வல்லுநர்களும் தயங்குவார்கள்.

ஆசிய நெல்வயல்களில் மிகுதியாக இருப்பது, கர்டிஸ் 1826-இல் பெயரிட்ட ஃபுசிப்பெஸ் என்ற இனம். புகையான் போன்ற பூச்சிகளைத் தின்பதால் உழவருக்கு நண்பன். கிழக்கு ஆப்பிரிக்காவில் 'நைரோபி ஈ' எனப்படுவதும் இப்பேரின வண்டுதான், ஈ அன்று.

இவை கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. நசுங்கும்போது உடல்நீரிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டு, ஓரிரு நாளில் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். அந்த நஞ்சை ஆக்குவது வண்டன்று, அதனுள் வாழும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா. இரவில் விளக்கொளிக்கு வந்து மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.